விழுப்புரத்தில் தாடை, அயர்லாந்தில் கணக்கு

பல்வலி என்றால் யாரும் ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வருவதில்லை. "கிராம்பு வெச்சியா?" என்று கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நானும் கிராம்பு வைத்தேன். உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி எட்டு மாதம் ஓட்டினேன். ஒன்பதாவது மாதம் விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையில் என் மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் கம்பியால் சேர்த்துக் கட்டி, மூன்று வாரம் வாயைத் திறக்க முடியாமல் செய்துவிட்டார்கள். நாற்பத்தொன்பது வயதில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது அந்த மூன்று வாரம்தான் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும்.

இப்போது நன்றாக இருக்கிறேன். உடம்பு சரியில்லாத அந்த நாட்களில், இப்படித்தான் இருக்கும், இதற்கு இதுதான் பெயர் என்று நேராகச் சொல்ல ஒரு ஆள் கிடைக்கவில்லை. போனில் தேடினால் ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு விதமாகப் பயம் காட்டியது. அதனால்தான் இதை எழுதுகிறேன். கூடவே ஒரு கணக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கில் நான் ஜெயித்தேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் லூர்துமேரி. பிறந்தது முகையூர்ப் பக்கம், வாழ்க்கைப்பட்டது திண்டிவனம். இருபது வருஷமாக ஒரு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, கமிஷன் மண்டியில் மாதிரி பார்க்கிற வேலை. விவசாயி மூட்டை கொண்டுவந்து இறக்கினால், ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு கை அள்ளி, கலந்து, அதில் நூறு கிராம் காயை நிறுத்து, உடைத்து, பருப்பை மட்டும் திரும்ப நிறுப்பேன். எழுபது கிராம் வந்தால் "எழுபது" என்று குரல் கொடுப்பேன். அந்த எண்ணை வைத்துத்தான் விலை. நான் சொன்ன எண்ணை இதுவரை யாரும் மறுபடி உடைத்துப் பார்க்கச் சொன்னதில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் மட்டும் ஒரு தப்பு செய்தேன். காய் கிலோ எழுபது ரூபாய், பருப்பு எழுபது சதவீதம், அப்படியானால் பருப்பு என்ன விலை விழும் என்று முதலாளி கேட்டார். முப்பது சதவீதம் தோலாகப் போகிறது, எழுபதோடு முப்பது சதவீதம் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துத் தொண்ணூற்றொன்று என்றேன். அந்த விலைக்கே ஒரு வியாபாரியிடம் பேசியும் முடித்துவிட்டார். உண்மையில் நூறு கிலோ காய்க்கு ஏழாயிரம் கொடுத்தால் கையில் நிற்பது எழுபது கிலோ பருப்பு. கிலோ நூறு ரூபாய் விழுகிறது. கிலோவுக்கு ஒன்பது ரூபாய் நஷ்டம். தோல் முப்பது சதவீதம் என்பது காயில் முப்பது, பருப்பில் முப்பது இல்லை. அன்றிலிருந்து யார் என்ன சதவீதம் சொன்னாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, "எதுல நூறு?" என் மகள் ஜெனி பள்ளிக்கூடம் விட்டு மண்டிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து காய் உடைப்பாள். அவளுக்கும் இதைச் சொல்லிச் சொல்லித்தான் வளர்த்தேன்.

பருப்பு நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று கடித்துத்தான் பார்ப்போம். ஒரு நாள் அப்படி வலது பக்கம் வைத்துக் கடித்தேன். பருப்பு உடையவில்லை, என் பல் ஆடியது. அதைவிட ஒன்று கவலையாக இருந்தது. கீழுதட்டில் வலது பாதி மரத்துப்போயிருந்தது. டீ குடித்தால் சூடு இடது பக்கம் மட்டும் தெரிந்தது.

திண்டிவனத்தில் பல் டாக்டர் ஒரு சின்னப் படம் எடுத்தார். பல்லின் வேருக்குக் கீழே கறுப்பாக ஒரு நிழல். அந்த நிழல் படத்தின் விளிம்பையும் தாண்டிப் போனது. "இது என் மிஷின்ல அடங்காதுமா. விழுப்புரம் போயி முழு தாடையும் எடுங்க," என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

விழுப்புரத்தில் எடுத்த படம் வேறு மாதிரி. மோவாயை ஒரு தாங்கியில் வைத்து, ஒரு குச்சியைப் பல்லால் கடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். இயந்திரம் தலையைச் சுற்றி ஒரு அரை வட்டம் போய் வரும். வலி எதுவும் கிடையாது. இரண்டு தாடையும் ஒரே படத்தில் விரித்து வைத்த மாதிரி வந்துவிடும். அந்தப் படத்தைப் பார்த்தது, முகத்துக்கும் தாடைக்கும் அறுவைச் சிகிச்சை செய்கிற ஒரு பெண் டாக்டர். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். பேனாவின் பின்பக்கத்தால் படத்தைத் தொட்டுக் காட்டினார்.

"எலும்புக்குள்ள நீர்க்கட்டிமா. பழைய சொத்தைப் பல்லோட வேர்ல சீழ் கட்டி, அதைச் சுத்தி ஒரு பை மாதிரி வளர்ந்துடுச்சு. உள்ள தண்ணிதான். ஆனா அது பெருசாகப் பெருசாக எலும்பைக் கரைச்சுக்கினே போகும். இங்க பாருங்க, கீழ்ப்பக்கம் இவ்ளோதான் எலும்பு மிச்சம் இருக்கு."

பேனாவின் தடிமன்கூட இல்லை.

"இப்படியே வுட்டா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர் அந்தோணி. சரக்கு வேன் ஓட்டுகிறவர். எதையும் உடைந்தால் என்ன ஆகும் என்றுதான் முதலில் யோசிப்பார்.

"கெட்டியா எதையாவது கடிச்சாலோ, தடுக்கி வுழுந்தாலோ தாடை ஒடைஞ்சிடும். ஒரு மாசத்துக்குள்ள பண்ணிடணும்."

ஊசியை உள்ளே விட்டுக் கொஞ்சம் நீர் எடுத்துப் பார்த்தார்கள். வைக்கோல் நிறத்தில் இருந்தது. அது நல்ல அடையாளம் என்றார் டாக்டர். ஆனாலும் கட்டியை முழுசாக எடுத்து, பையின் சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். எதை உறுதியாகச் சொல்ல வேண்டும் என்று அவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தை மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

செலவைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அறுவைச் சிகிச்சை, மயக்க மருந்து, நான்கு நாள் தங்கல் எல்லாம் சேர்த்து எண்பதாயிரம். ஆறு மாதம் கழித்து, கட்டியோடு எடுக்கப்போகும் இரண்டு கடைவாய்ப் பல்லுக்குப் பதில் எலும்பில் திருகு வைத்து அதன்மேல் பல் கட்ட நாற்பதாயிரம். மொத்தம் ஒரு லட்சத்து இருபதாயிரம். திருகு எலும்போடு சேர்ந்து பிடித்துக்கொள்ளுமா என்று வீட்டுக்காரர் கேட்டார். "நான் வெச்சதுல அஞ்சு பர்சண்ட் பிடிக்காமப் போயிருக்கு," என்றார் டாக்டர். மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

பஸ் விக்கிரவாண்டி தாண்டும்வரை வீட்டுக்காரர் விரலை மடக்கி மடக்கி ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார்.

"இன்னா மேரி, அந்த டாக்டரு இவ்ளோ சாதாரணமா சொல்றாங்க? அறுபது பர்சண்ட்டு புட்டுக்கும்ன்றாங்களே."

"அவங்க அஞ்சுன்னுதான சொன்னாங்க?"

"மாசத்துக்கு அஞ்சு. வருசத்துக்கு எவ்ளோ ஆச்சு?"

எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. வேன் வாங்கியதிலிருந்து அவர் வட்டியிலேயே வாழ்கிறவர். இரண்டு வட்டி, மூன்று வட்டி என்றால் எங்கள் பக்கம் நூற்றுக்கு மாதம் இரண்டு, மாதம் மூன்று. வருஷத்துக்கு வேண்டுமானால் பன்னிரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும். ஆகவே ஐந்து பர்சண்ட் என்று காதில் விழுந்ததும் தானாகப் பெருக்கிவிட்டார். "அப்படிப் பாத்தா ரெண்டு வருசத்துல நூத்தி இருபது பர்சண்ட்டு வுழும். வைக்காத பல்லும் சேத்து வுழும்ங்க," என்றேன். பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வீடு போய்ச் சேருவதற்குள் ஜெனிக்குப் போன் போட்டு அறுபதைச் சொல்லிவிட்டார்.

ஜெனி அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். போய் இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. அவள் கேட்டதும் சொன்னது ஒன்றுதான்: "விழுப்புரத்துல ஒண்ணும் பண்ண வேணாம்மா. நீ இங்க வா. நான் பாத்துக்கறேன்." அன்று தொடங்கியது எங்கள் சண்டை. ஒரு மாதத்துக்குள் கட்டியை எடுத்தாக வேண்டும். விழுப்புரமா அயர்லாந்தா என்று முடிவாகாமல் நாள் போனால், தாடை எங்களுக்காகக் காத்திருக்காது.

நான்காவது நாள் போனில் ஒரு அட்டவணை அனுப்பினாள். இடது பக்கம் விழுப்புரம், வலது பக்கம் அவளுடைய ஊரில் ஒரு மருத்துவமனை. ஒவ்வொரு வரியும் சுத்தமாக இருந்தது. அறுவை, மயக்க மருந்து, குழியை நிரப்பும் எலும்புத்தூள், திருகு, பல். அங்கே மொத்தம் நாலாயிரத்து எண்ணூறு யூரோ. அடியில் தடித்த எழுத்தில் எழுதியிருந்தாள்: "இங்கே 75 சதவீதம்தான் கூடுதல்." கூடவே ஒரு குரல் செய்தி: "பாத்தியாம்மா, ரெண்டு மடங்குகூட இல்ல. தரம் இங்க எவ்ளோ மேல. எழுபத்தஞ்சு பர்சண்ட்டுக்கா யோசிக்கற?"

அப்போது ஒரு யூரோ ஏறக்குறைய நூறு ரூபாய். நாலாயிரத்து எண்ணூறு யூரோ என்றால் நான்கு லட்சத்து எண்பதாயிரம். எங்களுக்கு ஒரு லட்சத்து இருபது. நேராக நான்கு மடங்கு. பத்து வினாடியில் தப்பு எங்கே என்று பிடித்துவிட்டேன். இரண்டுக்கும் வித்தியாசம் மூன்று லட்சத்து அறுபதாயிரம். அதை அவள் நான்கு லட்சத்து எண்பதால் வகுத்திருக்கிறாள். எழுபத்தைந்து வரும். ஆனால் அது விழுப்புரம் எழுபத்தைந்து சதவீதம் குறைவு என்று சொல்வதற்கான கணக்கு. அயர்லாந்து எவ்வளவு கூடுதல் என்று சொல்ல வேண்டுமென்றால் எங்கள் ஒரு லட்சத்து இருபதை நூறாக வைக்க வேண்டும். வைத்தால் முந்நூறு சதவீதம் கூடுதல். எழுபத்தைந்து கூடுதல் என்றால் செலவு இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்தில் நின்றிருக்க வேண்டும்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். தாடை அரித்துப்போய் உதடு மரத்துக் கிடக்கிறவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்திருக்கக் கூடாது. உடனே கூப்பிட்டேன்.

"எதுல நூறு?" என்றேன்.

அவள் பதில் சொல்வதற்குள் நானே தொடர்ந்தேன்.

"நர்சிங்ல இதெல்லாம் சொல்லித் தரலியா ஜெனி? மருந்து அளவு இந்த மாதிரிதான் போடறியா? விழுப்புரத்துல வைக்க வேண்டிய நூறை அயர்லாந்துல வெச்சிக்கினு எனக்குக் கணக்கு அனுப்பறியே. எழுபத்தஞ்சு இல்லடி, முந்நூறு. இதுல டிக்கெட் வேற, விசா வேற. விசா வர்றதுக்குள்ள என் தாடை தனியா கழண்டு அயர்லாந்து வந்துடும்."

"சரிம்மா," என்றாள். "உன் இஷ்டம்."

அவ்வளவு சுலபமாக அவள் விட்டுக்கொடுக்கிறவள் இல்லை. அப்பாவோடு பேசினால் அரை மணி நேரம் வாதாடுவாள். அன்று நான் அதைக் கவனிக்கவில்லை. வீட்டுக்காரரிடம் நோட்டில் போட்டுக் காட்டி, மண்டியிலும் இரண்டு பேரிடம் சொல்லிச் சிரித்தேன்.

அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது ஐந்து பர்சண்ட்டையும் தீர்த்துக்கொண்டேன். "டாக்டர், அந்த அஞ்சு எதுல நூறு? மாசத்துக்கா, மொத்தத்துக்கா?" என்றேன். டாக்டர் புரியாமல் பார்த்தார். வட்டிக் கதையைச் சொன்னதும் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். பிறகு வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "அப்பா, நூறு திருகு வெச்சா அஞ்சு பிடிக்காது. அவ்ளோதான், ஒரே தடவை. பிடிக்காததும் ஆரம்பத்துலயே தெரிஞ்சிடும். எடுத்துட்டு ஆறவிட்டு வேற வெக்கலாம். வட்டி ஏறாது." அவர் ரொம்ப நிம்மதியாகத் தலையாட்டினார். அறுபது ஐந்தாகிவிட்டதே.

அறுவைக்கு முதல் நாள் சேரச் சொன்னார்கள். வெளியே காத்திருக்கும் இடத்தில் மேல்மலையனூர்க்காரம்மா ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அமாவாசைக்கு அமாவாசை கூட்டம் நெரியும் கோயில் பக்கம் பூக்கடை. அவருடைய வீட்டுக்காரர் வண்டியிலிருந்து விழுந்து தாடை உடைந்து சேர்த்திருக்கிறார். "அமாவாசைக்கு ஆபரேசன்னாங்க. முடியாதுன்னுட்டேன். அன்னிக்கு ஒரு நாள் யாவாரத்துலதான் இவருக்கு ஆஸ்பத்திரி செலவே," என்றார். ஒரு நாள் தள்ளிப் போட்டார்களாம். அந்த அம்மாவிடம் பயம் என்பதே இல்லை. அரை மணி நேரம் பேசியதில் எனக்கும் கொஞ்சம் குறைந்தது.

குறைந்ததே தவிரப் போகவில்லை. தள்ளுவண்டியில் படுத்து உள்ளே போகும்போது மேலே விளக்குகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. தாடையைப் பற்றி நினைக்கவில்லை. அந்தப் பையின் சதை என்னவாக இருக்கும் என்பதை மட்டும் நினைத்தேன். ஜெபம் பாதியில் மறந்துபோனது. மயக்க மருந்துக்காரர் பெயர் கேட்டார், சொன்னேன். அதற்குப் பிறகு எதுவும் தெரியாது.

விழித்தபோது தொண்டை எரிந்தது. மூச்சுக்குழாயை மூக்கு வழியாக விட்டிருந்தார்கள், அதனால்தான். வாயைத் திறக்கப் பார்த்தேன், வரவில்லை. எலும்பு நினைத்ததைவிட மெல்லியதாக இருந்ததால், ஆறும்வரை அசையாமல் இருக்க மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். இப்படி ஆகலாம் என்று முன்பே சொல்லி வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். கேட்டதும் தலையாட்டிய எனக்கு, நிஜத்தில் வந்தபோது திக்கென்றது. பல்லுக்கு நடுவே முனகலாம். முனகினால் எனக்கே புரியவில்லை.

படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு கம்பி வெட்டும் குறடைத் தொங்கவிட்டார்கள். வாந்தி வந்தால் வாய்க்குள்ளேயே நின்று மூச்சு அடைத்துவிடும், அப்போது கம்பியை வெட்டிவிட வேண்டும் என்று நர்ஸ் காட்டிக் கொடுத்தார். எந்தெந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று வீட்டுக்காரர் மூன்று தடவை கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்தபிறகு அந்தக் குறடைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார். மூன்று வாரமும் வண்டிக்குப் போகவில்லை. பூசைக்குப் போனாலும் பையில் குறடு. நான் தும்மினால் கை பைக்குப் போகும். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவர் இவ்வளவு நேரம் என் முகத்தைப் பார்த்ததே இல்லை.

நான்காவது நாள் பில். கவுண்டரில் இருந்த பெண், "அக்கா, டாக்டரு பத்து பர்சண்ட் கொறைக்க சொல்லிக்கிறாங்க. கேஷா கட்டினா இன்னொரு பத்து. இருபது பர்சண்ட் போக அறுபத்து நாலாயிரம்," என்றாள். நான் நோட்டை எடுத்தேன். வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்தார். "பேசாம இரு மேரி," என்றார். நான் பேசவா போகிறேன். எண்பதில் பத்து போனால் எழுபத்திரண்டு, எழுபத்திரண்டில் பத்து சதவீதம் ஏழாயிரத்து இருநூறு, மொத்தம் பத்தொன்பது சதவீதம்தான் குறைகிறது, அறுபத்து நாலாயிரத்து எண்ணூறு கட்ட வேண்டும் என்று எழுதி ஜன்னலுக்குள் நீட்டினேன். அவள் நோட்டையும் என் வீங்கிய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். "இருபதாவே இருக்கட்டுமாம் அக்கா. உடம்பைப் பாத்துக்கோங்க," என்றாள். வெளியே வந்ததும் வீட்டுக்காரர், "அந்த எண்ணூறு ரூபாயை நீயே தொலைச்சிருப்ப," என்றார்.

சாப்பாடு எல்லாம் தண்ணீராகத்தான். கடைவாய்க்குப் பின்னால் இருக்கும் சந்தில் ஒரு மெல்லிய குழாயை விட்டு உள்ளே செலுத்த வேண்டும். வீட்டுக்காரர் கேப்பைக் கூழைக் காய்ச்சி, மோர் ஊற்றி, வேட்டித் துணியில் இரண்டு தடவை வடிகட்டிக் கொடுத்தார். முதல் நாள் துணியில் சோப்பு வாசம் அடித்தது. சொல்ல வாயில்லை, குடித்தேன். மரத்துப்போன உதட்டில் ஒழுகுவது எனக்குத் தெரியாது. அவரே துடைத்துவிடுவார்.

ஜெனி தினமும் வேலை முடிந்து வீடியோவில் வருவாள். அவள் பேசுவாள், நான் கேட்பேன். நோட்டில் எழுதிக் காட்டினாலும் அவள் அதைப் படித்து முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். அப்போதுதான் தெரிந்தது, இரண்டரை வருஷமாக நான்தான் பேசியிருக்கிறேன். மண்டி, விலை, அப்பாவின் வேன், சொந்தக்காரர் கல்யாணம், எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டு, "சரி வெச்சிடறேன், உனக்கு வேலை இருக்கும்," என்று வைத்திருக்கிறேன். அந்த ஊரில் குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், அவள் தங்கியிருக்கும் வீட்டில் கீழ்த்தளத்தில் யாரும் இல்லை, அவள் பார்த்துக்கொள்கிற கிழவர் ஒருத்தர் அவளைத் தன் மகள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்பதெல்லாம் எனக்கு அந்த மூன்று வாரத்தில்தான் தெரியும்.

பதினோராம் நாள் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டரே போன் செய்தார். வீட்டுக்காரர் ஸ்பீக்கரில் போட்டார். "சாதாரண நீர்க்கட்டிதான்மா. வேற எதுவும் இல்ல." வேற எதுவும் இல்லை என்ற அந்த மூன்று வார்த்தையை வீட்டுக்காரர் தெருவில் நின்று நாலு பேரிடம் சொன்னார். நான் உள்ளே உட்கார்ந்து, மூக்கு அடைத்துக்கொள்ளும் என்று பயந்து பயந்து அழுதேன்.

அன்று ராத்திரி ஜெனிக்குச் சொன்னதும் அவளும் அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மா, நீ இப்ப பேச முடியாதுல்ல, அதனால சொல்லிடறேன். அந்த எழுபத்தஞ்சு நான் தப்பா போட்டது இல்ல."

நான் நோட்டை எடுத்தேன்.

"எழுதாத, கேளு. எதுல நூறுன்னு எனக்குத் தெரியாதா? மூணாவது படிக்கும்போதே உன் பக்கத்துல உக்காந்து காய் ஒடைச்சவ நான். முந்நூறுன்னு போட்டா நீ ஒரு தடவ பாத்துட்டு தூக்கிப் போட்டுடுவ. சின்னதா தெரியட்டும்னு வேணும்னேதான் தலைகீழா போட்டேன். நீ கண்டுபிடிக்க மாட்டன்னு எப்படி நெனச்சேன்னு எனக்கே தெரியல. விழுப்புரத்துல நல்லாதான் பண்ணுவாங்கன்னும் தெரியும். அப்பா அறுபதுன்னு சொன்னப்பவே எனக்கு சிரிப்பு வந்துச்சு. வட்டிக் கணக்குன்னு புரிஞ்சிடுச்சு. ஆனா ஆபரேசன்னு சாக்கு வெச்சா நீ ஒரு மாசமாச்சும் இங்க இருப்பன்னு நெனச்சேன். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்மா. வேல முடிஞ்சி வந்தா வீட்ல லைட்டு எரியணும். உள்ள யாராச்சும் இருக்கணும்."

வெட்கமாக இருந்தது. மண்டியில் இரண்டு பேரிடம் சொல்லிச் சிரித்தது ஞாபகம் வந்தது. "மருந்து அளவு இந்த மாதிரிதான் போடறியா" என்று கேட்டது ஞாபகம் வந்தது. எதில் நூறு என்று கேட்கத் தெரிந்த எனக்கு, எதற்காக எழுபத்தைந்து என்று கேட்கத் தெரியவில்லை. வாய் திறந்திருந்தால் அப்போதும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

நோட்டில் எழுதிக் காட்டினேன்: "டிக்கெட் எவ்வளவு?"

ஒரு தொகை சொன்னாள். அது எதில் எத்தனை சதவீதம் என்று நான் போட்டுப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் முடிந்து கம்பியை எடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து இரண்டு திருகும் வைத்து, இரண்டும் பிடித்து, பல்லும் கட்டியாயிற்று. உதட்டில் உணர்ச்சி முக்கால்வாசி வந்துவிட்டது. வீட்டுக்காரர் வேனையும் வட்டியையும் பார்த்துக்கொண்டு திண்டிவனத்தில் இருக்கிறார். நான் இதை ஜெனி வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி ஐந்துதான், அதற்குள் வெளியே இருட்டிவிட்டது. அவள் வர இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது. எழுந்து போய் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு வந்தேன்.